மார்ச் மாத ஸ்னோவுக்குக் காசு கட்டிய ஆப் வேண்டாம், மவுன்ட் ஹோலி போதும்

நியூஜெர்சி எடிசனில் எங்கள் தெருவில் வானிலையை விடாமல் பார்க்கிறவர்கள் மூன்று பேர். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஒரு நார்ஈஸ்டர் (அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் வரும் பெரும்புயல்) கிளம்புகிறது என்றால் நாலு நாள் முன்பே வாக்குவாதம் தொடங்கிவிடும். எதிர்வீட்டு அண்ணன், வானிலையைக் கம்ப்யூட்டரில் கணிக்கும் மாடல்களில் ஐரோப்பிய மாடல் சொல்லாததை ஏற்கவே மாட்டார். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும் அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ்தான் எல்லாம். ராத்திரி பத்தரை தாண்டி புது மேப் வந்ததும் "அண்ணே, நமக்கு 14 இன்ச்" என்று அனுப்புவான், காலை மேப்பில் அதுவே 5 ஆகியிருக்கும். நான் இருவரையும் விட்டுவிட்டு, அமெரிக்க அரசின் வானிலைத் துறையான நேஷனல் வெதர் சர்வீஸில் எங்கள் பகுதியைக் கவனிக்கும் மவுன்ட் ஹோலி ஆபீஸ் எழுதும் 'ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்' (கணிப்பை விளக்கும் குறிப்பு) பக்கம் வந்துவிட்டேன். இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான்.

முன்பு ஆண்டுச் சந்தா கட்டி ஒரு ஆப் வைத்திருந்தேன். அம்மா ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை அது 11 இன்ச் என்று ஒற்றை எண்ணைப் பெரிதாகக் காட்டியது. பயந்துபோய் அன்று இரவே அம்மாவை நெவார்க் கூட்டிப்போய் ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டலில் தங்கவைத்தேன். முழங்கால் வலியோடு பழக்கமில்லாத கட்டிலில் அவர் தூங்கவே இல்லை. விடிந்து பார்த்தால் வெறும் மழை, ரோடு ஈரம், அவ்வளவுதான். ஆப்பில் அந்த 11 சத்தமில்லாமல் 2 ஆகியிருந்தது. ஏன் மாறியது என்று ஒரு வரி கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கே மார்ச் ஸ்னோ ஜனவரி ஸ்னோ மாதிரி இல்லை. ஒரு இன்ச் மழைக்குப் பத்து இன்ச் ஸ்னோ என்ற கணக்கில்தான் பல கலர் மேப்கள் ஓடுகின்றன. ஈரமான மார்ச் ஸ்னோவில் அது ஐந்தோ ஆறோ ஆகிவிடலாம். அதோடு, தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் கடலிலிருந்து ஒரு சூடான அடுக்கு நுழைந்தால் ஸ்னோ அங்கேயே உருகி, கீழே வரும்போது மறுபடி உறைந்து ஸ்லீட்டாக, அதாவது சின்ன ஐஸ் மணிகளாக, கொட்டும். சில மேப்கள் அந்த ஸ்லீட்டையும் ஸ்னோ என்றே கூட்டிவிடும். மார்ச் நடுவில் வெயில் செப்டம்பர் கடைசியில் இருக்கிற உயரத்துக்கு வந்துவிடுவதால், பகலில் மெதுவாக விழும் ஸ்னோ ரோட்டில் தங்குவதும் கஷ்டம்.

மவுன்ட் ஹோலி டிஸ்கஷனில் இதெல்லாம் எழுதியிருக்கும். அதிகாலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று முழுதாக வரும், நடுவில் திருத்தங்களும் வரும். எந்த மாடல் புயலைக் கரையோரம் இழுக்கிறது, எது கடல் பக்கம் தள்ளுகிறது, மழைக்கும் ஸ்னோவுக்கும் நடுவிலுள்ள கோடு, கிழக்குக் கரை நகரங்களை இணைக்கும் ஐ-95 ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கும், தங்களுக்கே எதில் சந்தேகம் என்று ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதுகிறார். எனக்கு வேண்டியது அந்தச் சந்தேகம்தான்.

அப்புறம் அவர்களுடைய குளிர்காலப் பக்கத்தில் மூன்று மேப் இருக்கும். எதிர்பார்க்கும் அளவு ஒன்று, இதைவிடக் குறைய பத்தில் ஒரு வாய்ப்புதான் என்ற கீழ் அளவு ஒன்று, இதைவிடக் கூட பத்தில் ஒரு வாய்ப்புதான் என்ற மேல் அளவு ஒன்று. கீழே 1, மேலே 12 என்று கிடந்தால் புயல் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அம்மாவை அனுப்பிய அன்று இதைப் பார்த்திருந்தால் காலை வரை பொறுத்திருப்பேன்.

குறைகளும் உண்டு. எழுத்து முழுக்கத் துறைச் சொற்களும் சுருக்கங்களும், முதல் இரண்டு குளிர்காலம் பாதி புரியாது. போன் ஆப் மாதிரி தட்டியவுடன் வராது, வெதர் டாட் கவ் தளத்தில் தேடிப் போக வேண்டும். தவறே செய்யாதவர்களும் இல்லை. 2015 ஜனவரியில் நியூயார்க்குக்கு இரண்டு மூன்று அடி வரை வரலாம் என்று நேஷனல் வெதர் சர்வீஸ் சொன்னது, சப்வேயே நிறுத்தப்பட்டது, சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 இன்ச். அதே புயல் லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9 இன்ச் கொட்டியது. அன்று மவுன்ட் ஹோலி ஆபீஸின் தலைவராக இருந்த கேரி சட்கௌஸ்கி ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எந்த ஆப் அப்படிக் கேட்டிருக்கிறது?

2017 மார்ச் 14 எனக்கு இன்னும் வருத்தம். ஸ்லீட் அதிகமாகலாம் என்று முந்தின நாளே தெரிந்தும், வெதர் சர்வீஸ்காரர்கள் மக்கள் அசட்டையாகிவிடக் கூடாது என்று பெரிய எண்ணை மாற்றாமல் வைத்தார்கள். சென்ட்ரல் பார்க்குக்கு வந்தது 7.6 இன்ச். நியூயார்க் மாநிலத்தின் உள்பகுதியில் பிங்ஹாம்டன் பக்கம் இரண்டரை அடிக்கு மேல். தெரிந்ததைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் நானும் எதிர்வீட்டு அண்ணனும் ஒரே கட்சி.

சரி, யாருக்கு இது? நாளை ஜாக்கெட் போடவா என்று மட்டும் தெரிய வேண்டியவருக்குத் தேவையில்லை. பள்ளி மூடுவார்களா, கார் எடுக்கலாமா, ஃபிளைட் இருக்கிறதா என்று தவிக்கிறவர்கள் புயலுக்கு முந்தைய பிற்பகல் டிஸ்கஷனை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். பைசா செலவில்லை, விளம்பரம் இல்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், 2017க்காக அரை குறைத்திருக்கிறேன். தம்பியும் இப்போது 14 இன்ச் மேப்பை அனுப்பும்போது "மவுன்ட் ஹோலி என்ன சொல்லுது அண்ணே?" என்று சேர்த்தே கேட்கிறான்.