புதிய கவர்னர் பெட்டியும் மாறாத பழைய ஆட்டமும்

கல் உடைக்கும் இயந்திரம் ஒன்றின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு, எஞ்சினின் வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் கவர்னரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் புதிதாக வாங்கிப் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. 24 வோல்ட்டில் இயங்கும் இந்தப் பெட்டியில் வேகம், கெயின் (வேகம் மாறினால் எவ்வளவு கடுமையாகத் திருத்துவது), ஸ்டெபிலிட்டி (திருத்திய பின் ஆடாமல் நிலைப்பது) ஆகியவற்றுக்குத் தனித்தனித் திருகுகள் உள்ளன. அதிர்வும் தூசியும் உள்ளே போகாதபடி பிசின் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் எந்தக் கோளாறைத் தீர்க்க அதை வாங்கினேனோ, அந்தக் கோளாறு அதைப் பொருத்திய பின்னும் அப்படியே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மதிப்புரை நேர்மையானதாக இருக்கும்.

கோளாறுகள் இரண்டு. நிமிடத்துக்கு 1800 சுற்றில் நிற்க வேண்டிய எஞ்சின், சுமை இல்லாதபோதும் மூச்சு வாங்குவதுபோல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது; மெக்கானிக்குகள் இதைத்தான் ஹண்டிங் என்பார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது, ஸ்டார்ட்டர் சுற்றியும் சில சமயம் எஞ்சின் பற்றவில்லை. பார்க்க வந்த சர்வீஸ்காரர் மல்டிமீட்டரை வெளியே எடுக்காமலேயே, பெட்டி போய்விட்டது என்று முடிவு சொன்னார். நானும் நம்பி வாங்கினேன்.

புதிய பெட்டியைப் பொருத்திய அன்றே ஹண்டிங் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்யத் தொடங்கினேன். எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலின் விளிம்பில் உள்ள பல் வளையமான ரிங் கியரின் பற்களை, காந்தப் பிக்கப் என்ற உணரி, ஒரு பல்லுக்கு ஒரு மின்துடிப்பாக எண்ணுகிறது. அந்தத் துடிப்புகளைப் பெட்டி தனக்குக் குறிக்கப்பட்ட வேகத்தோடு ஒப்பிடுகிறது. குறைந்தால் ஆக்சுவேட்டருக்கு மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. ஆக்சுவேட்டர் ஒரு தண்டின் வழியாக எரிபொருள் பம்பின் நெம்புகோலை நகர்த்துகிறது. இந்தச் சங்கிலியில் பெட்டி ஒரு கண்ணி மட்டுமே.

இங்கேதான் இந்தப் பெட்டி தன் மதிப்பைக் காட்டியது. முனையங்கள் அனைத்தும் முன்பக்கத்திலேயே, மீட்டர் கம்பிகளின் முனை எளிதாகப் படும்படி அமைந்துள்ளன. பிக்கப் முனையங்களில் ஏசி வோல்ட்டில் அளந்தபோது, ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் 0.6 வோல்ட்தான் கிடைத்தது. இத்தகைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குப் பொதுவாக 1 வோல்ட்டாவது வேண்டும். துடிப்பு போதவில்லை என்றால் எஞ்சின் சுற்றுவதே பெட்டிக்குத் தெரியாது. தெரியாதபோது அது எரிபொருளைத் திறக்காது. பிக்கப்பைக் கழற்றினால், அதன் காந்த நுனியில் ரிங் கியரின் இரும்புத்தூள் தாடியாக முளைத்திருந்தது. துடைத்து, எஞ்சின் நின்றிருக்கும்போது ஒரு பல் நேராக வந்து நிற்பதை உறுதிசெய்து, நுனி பல்லைத் தொடும்வரை கையால் திருகி, அரைச் சுற்றுப் பின்வாங்கிப் பூட்டு நட்டை இறுக்கினேன். ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நகரும் மரை என்பதால் இடைவெளி 0.75 மில்லிமீட்டர் ஆயிற்று. அதன் பிறகு காலை ஸ்டார்ட்டில் தொல்லை இல்லை. மீட்டரில் ஹெர்ட்ஸ் அளவும் இருந்தால் வேகத்தையும் சரிபார்க்கலாம்: 118 பற்கள் கொண்ட ரிங் கியரில் 1800 சுற்றுக்கு 3540 ஹெர்ட்ஸ் வர வேண்டும்.

ஹண்டிங் மட்டும் போகவில்லை. ஐடிலில், அதாவது சுமையின்றிக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, எரிபொருளை நிறுத்தும் பிடியருகே ஒருவரை நிறுத்திக்கொண்டு, பம்பின் நெம்புகோலைக் கையால் அசையாமல் பிடித்தேன், ஆட்டம் நின்றது. நிற்காமல் இருந்திருந்தால் எரிபொருளில் காற்றோ ஃபில்டர் அடைப்போ என்று தேடியிருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஆக்சுவேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு பம்பின் பக்கத்தை அசைத்துப் பார்த்தபோதுதான் காரணம் அகப்பட்டது: தண்டின் பந்து மூட்டு தேய்ந்து, சுமார் 2 மில்லிமீட்டர் வெற்றாட்டம் இருந்தது. பெட்டி கூட்டச் சொன்னால், அந்த 2 மில்லிமீட்டரைக் கடந்த பிறகே எரிபொருள் கூடும். அதற்குள் பெட்டி தேவைக்கு மேல் கூட்டியிருக்கும். குறைக்கும்போதும் இதே கதை. கெயினைக் குறைத்தால் ஆட்டம் ஓரளவு அடங்குகிறது, ஆனால் கல் விழும்போது எஞ்சின் திணறுகிறது. அது கோளாறைத் தீர்ப்பதல்ல, மறைப்பது. பெட்டியோடு ஒப்பிட்டால் விலை என்றே சொல்ல முடியாத ஒரு பந்து மூட்டை மாற்றியதும் ஊசி 1800இல் நின்றது.

இனி பெட்டியின் குறைகள். கையேடு கம்பி இணைப்பை அழகாக வரைந்து காட்டுகிறது. கோளாறு தேடுவதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை. வேகத் திருகு பல சுற்றுகள் திரும்புவது. எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணால் அறிய வழியில்லை. பிசின் ஊற்றியிருப்பதால் பழுது பார்க்கவும் முடியாது.

நிறைகளும் உண்டு. கெயினை வேகமான நடுக்கம் தோன்றும்வரை கூட்டி, சற்றுப் பின்வாங்கி, பிறகு ஸ்டெபிலிட்டியை அதே முறையில் சரிசெய்ததில், சுமை ஏறும்போது பழைய பெட்டியைவிட இது விரைவாக மீள்கிறது. பிக்கப் கம்பியில் வெளி மின் இரைச்சலைத் தடுக்கச் சுற்றியுள்ள கவச வலைக்குத் தனி முனையம் இருப்பதால், வலையை அந்த ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையைத் தொடாமல் விட முடிகிறது. ஐடிலில் பிக்கப் கம்பியை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தேன். எஞ்சின் உடனே அணைந்தது. ஆனால் தண்டே எங்காவது சிக்கித் திறந்த நிலையில் நின்றுவிட்டால், பெட்டி மின்னோட்டத்தை நிறுத்தியும் பயனில்லை. எரிபொருளையோ காற்றையோ தனியாக அடைக்கும் அதிவேகக் காப்பு ஒன்று இதனோடு கட்டாயம் வேண்டும்.

பெட்டிக்கான மின்சாரத்தைச் சாவி சுவிட்ச் வழியாக நீண்ட மெல்லிய கம்பியில் கொடுக்க வேண்டாம். அரித்த முனையம் ஒன்றில் 0.2 ஓம் தடை இருந்தாலே, 5 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே போய்விடும்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அரைப் பங்கைப் பறித்தது கையேடு. பந்து மூட்டை மாற்றிய வாரத்தில், தூக்கிப் போடவிருந்த பழைய பெட்டியையும் ஒரு நாள் பொருத்திப் பார்த்தேன். அதுவும் 1800இல் ஆடாமல் ஓடியது. இப்போது அது உதிரிப் பெட்டியாக அலமாரியில் இருக்கிறது.