தூள் மறுபடியும் கொழுந்தாகுமா? ஸ்கிராட்ச்சில் மாறும் படங்களோடு இரண்டு வருடம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். தட்டினால் மாறும் படங்களை வைத்து, ஸ்கிராட்ச் என்ற பிள்ளைகளுக்கான நிரல் எழுதும் மென்பொருளில் சின்னச் சின்னச் செயல்பாடுகள் செய்யத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இணையம் வரும், போகும். ஸ்கிராட்ச்சை ஒரு தடவை லேப்டாப்பில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், காசும் கிடையாது. அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டேன்.

வேலை எளிது. ஒரு ஸ்பிரைட்டுக்குள் (திரையில் நிற்கும் உருவம்) பல படங்களைக் காஸ்ட்யூம்களாக, அதாவது அதன் வெவ்வேறு தோற்றங்களாக, வைக்கலாம். ஸ்பிரைட்டைச் சொடுக்கினால் அடுத்த காஸ்ட்யூம் வர வேண்டும் என்று இரண்டு கட்டளைக் கட்டங்களைப் பொருத்தினால் போதும்.

முதலில் செய்தது தேயிலை. பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் இலை பறிக்கிறார்கள். கொழுந்து, வாட்டிய இலை, சிடிசி உருளையில் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரம்) அரைபட்ட இலை, செம்பு நிறமானது, உலர்ந்த தூள் என ஐந்து படம். தூள் வந்த பிறகும் ஒரு பையன் இன்னொரு தடவை தட்டினான். பச்சைக் கொழுந்து வந்து நின்றது. "டீச்சர், தூள் மறுபடியும் இலையாகுமா?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கடைசிப் படத்துக்கு அப்புறம் 'அடுத்தது' என்றால் ஸ்கிராட்ச் முதல் படத்துக்குப் போகும். அது எனக்குத் தெரிந்ததுதான். பாடமே அதனால் தப்பாகிவிடும் என்று மட்டும் யோசிக்கவில்லை. காஸ்ட்யூம் எண் 5-க்குக் குறைவாக இருந்தால் மட்டுமே படம் மாறும்படி அன்றைக்கே மாற்றினேன். திரும்ப ஆரம்பிக்க மூலையில் தனிப் பொத்தான் வைத்தேன்.

மற்ற சிக்கல்கள் சின்னவை. படங்களின் மையம் ஒன்றாக இல்லாவிட்டால் தட்டும்போதெல்லாம் படம் துள்ளும். பின்னணி நீக்கிய கொழுந்துப் படத்தில் இலைகளுக்கு நடுவே வெறும் இடத்தில் விரல் பட்டால் எதுவும் நடக்காது. பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். பின்னால் ஒரு வெள்ளைக் கட்டம் வரைந்து சேர்த்தால் சரியாகிவிடும். ஸ்கிராட்ச்சில் படம் தெரியும் இடமான மேடை 480-க்கு 360 புள்ளிதான், போனில் எடுத்த பெரிய படத்தை முதலிலேயே சுருக்கிவிடுங்கள். அப்புறம், எப்போதும் முழுத்திரையில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் படத்தையே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்குப் பெரிய கவலை வேகம். ஐந்து படத்தையும் இரண்டு நொடியில் தட்டி முடித்துவிட்டு "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்பார்கள். நிறம் ஏன் மாறியது என்று கேட்டால் பதில் வராது. ஒரு நாள் ஒரு பிள்ளை கை நிறையக் கொழுந்து கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒரு இலையை உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி மேசையில் வைக்கச் சொன்னேன். வேறு பாடம் நடத்திவிட்டு வந்து பார்த்தால் ஓரமெல்லாம் பழுப்பு, வாசனையும் வேறு. நொதித்தல் என்று ஃபேக்டரியில் சொல்வது இதைத்தான்: நசுங்கிய இலையின் சாறு காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. அதற்கு அப்புறம் நான்காவது படத்தைத் தட்ட யாரும் அவசரப்படவில்லை. இப்போது ஒவ்வொரு தட்டலுக்கு முன்னாலும் அடுத்து என்ன வரும் என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். வகுப்பில் சத்தம் கூடிவிட்டது, அது நல்ல சத்தம்.

இந்த வருடம் குறிஞ்சி. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இதற்குச் சுற்றிச் சுற்றி வருவதுதான் சரி. ஆனால் பூவிலிருந்து நேராகப் பச்சைச் செடிக்குப் போகக் கூடாது. நீலக்குறிஞ்சி ஒரே தடவை பூத்து, விதை போட்டுக் காய்ந்துவிடும். புதுச் செடி விதையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பூ, காய்ந்த புதர், முளை, பச்சைப் புதர் என நான்கு படம். பூவுக்கு 2018-ல் கொடைக்கானலில் நானே எடுத்த படம் இருக்கிறது. முளைக்கு மட்டும் இன்னும் நல்ல படம் கிடைக்கவில்லை, பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன்.