‘கணைய நோய்க்கு ஏற்றது’ என்று விற்கப்படும் நாய் உணவு: ஓர் எச்சரிக்கை

கணைய அழற்சியிலிருந்து தேறிவரும் நாய்களுக்கென்றே சமைத்து வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லி, மாதச் சந்தாவை முன்பணமாக வாங்கிக்கொண்டு, அந்த நோய்க்குச் சற்றும் ஆகாத உணவை எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் சென்னையில் இயங்கும் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே வாசகங்களோடு வேறு சிலரும் விளம்பரம் செய்வதைப் பார்க்கிறேன். எனவே பெயரைவிட, ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே பிற நாய்களைக் காக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் சிட்டு ஒன்பது வயதுப் பொமரேனியன். எடை ஐந்து கிலோ. விடாத வாந்தியோடு, முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பகுதியை மட்டும் உயர்த்தியபடி அது நின்றதைக் கண்டதுமே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். நாய்கள் கடும் வயிற்றுவலியில் அப்படித்தான் நிற்குமாம். கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதியான லைபேஸை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நோயை உறுதிப்படுத்தின. சலைன், வாந்தியை நிறுத்தும் ஊசி, வலி மருந்து என்று சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, இனி உணவில் கொழுப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் நாளொன்றுக்கு நான்கைந்து தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அவர் எழுதித் தந்த மருத்துவ உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தும் சிட்டு முகர்ந்துவிட்டு விலகிப் போனது. அந்த நிலையில்தான் இந்த நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது.

“பெரிய நிறுவனங்களின் மருத்துவ உணவில் கொழுப்பு 7 விழுக்காடு, எங்கள் உணவில் 4 மட்டுமே” என்பது அதன் முதல் வரி. பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருந்தது. தோலோ எண்ணெயோ சேர்க்கிறீர்களா என்று வாட்ஸ்அப்பில் எழுத்து மூலமாகவே கேட்டேன். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, அரிசி, பரங்கிக்காய் தவிர வேறெதுவும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மருத்துவரிடம் காட்டினேன். சேர்மானம் உண்மையிலேயே இதுதான் என்றால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

முதலில் வந்த பாக்கெட்டுகளில் குறை தெரியவில்லை. அடுத்த தொகுதி வந்ததும், குளிர்பதனப் பெட்டியில் வைத்த உணவின் மேல் மஞ்சள் நிறத்தில் கொழுப்பு உறைந்து படிந்திருப்பதையும், கறித்துண்டுகளில் தோல் ஒட்டியிருப்பதையும் கண்டு கொடுப்பதை உடனே நிறுத்தினோம். ஆயினும் முந்தைய இரவே அந்தத் தொகுதியிலிருந்து சிட்டு சாப்பிட்டிருந்தது. அன்று மாலைக்குள் வாந்தி மீண்டும் தொடங்கி, மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. உணவுதான் காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இந்த நோய் காரணமே தெரியாமலும் திரும்பக்கூடும் என்று அவர் நேர்மையாகவே சொன்னார். ஆனால் அந்த நாட்களில் சிட்டு வேறெதையும் உண்ணவில்லை. பிரிக்காத பாக்கெட் ஒன்றை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நூறு கிராம் உணவில் ஈரம் 72 கிராம், புரதம் 8, மாவுச்சத்து 12, கொழுப்பு 6 என்று அறிக்கை வந்தது.

லேபிளில் 4 என்று போட்டுவிட்டு 6 வைத்தது ஒரு மோசடி. ஆனால் அதைவிடப் பெரிய மோசடி, அந்த 4-ஐயும் மருத்துவ உணவின் 7-ஐயும் அருகருகே வைத்துக் காட்டியதில் இருக்கிறது. உலர் உணவில் ஈரம் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். சமைத்த உணவில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீர் கூடக்கூட எல்லாச் சத்துகளின் விழுக்காடும் தானே குறைந்து தெரியும். ஆகவே இரண்டையும் ஒப்பிட, 1000 கிலோ கலோரிக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று பார்க்க வேண்டும். கணைய நோய் வந்த நாய்க்கு அது 20 கிராமை ஒட்டியும், மிஞ்சிப் போனால் 30 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது எங்கள் மருத்துவர் சொன்ன அளவு. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5 கிலோ கலோரி, கொழுப்புக்கு 8.5 கிலோ கலோரி என்று கணக்கிட்டால், எங்களுக்கு வந்த உணவில் நூறு கிராமுக்கு 121 கிலோ கலோரி கிடைக்கிறது. 1000 கிலோ கலோரிக்குக் கொழுப்பு ஏறத்தாழ 50 கிராம் ஆகிறது. லேபிளில் சொன்ன 4 விழுக்காடே உண்மையாக இருந்திருந்தாலும் கணக்கு 35 கிராமைத் தாண்டியிருக்கும். அவர்கள் இகழ்ந்த அந்த 7 விழுக்காட்டு மருத்துவ உணவோ 20 கிராம் அளவில்தான் நிற்கிறது.

உரிம எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கானது. விலங்குத் தீவனத்தை அதன் வரையறையே விலக்கி வைத்திருக்கிறது. நாய் உணவுப் பாக்கெட்டில் அந்த எண் இருப்பதால், உள்ளே இருப்பதை யாரோ சோதித்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்ள முடியாது.

ஆய்வக அறிக்கையை அனுப்பியபோது, சுவைக்காகச் சிறிது தேங்காய் எண்ணெய் சேர்ப்பதாகவும் அது ‘நல்ல கொழுப்பு’ என்றும் பதில் வந்தது. ஐந்து கிலோ நாய்க்கு ஓய்வு நிலையில் நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 235 கிலோ கலோரி. 1000 கிலோ கலோரிக்கு 20 கிராம் என்ற கணக்கில், அதற்குள் அனுமதிக்கப்படும் கொழுப்பு ஐந்து கிராம்கூட இல்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயே அந்த அளவைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தின்றுவிடும். இதையெல்லாம் எழுதிய பிறகும், பணத்தைத் திருப்பித் தராமல், கணையத்தைக் ‘குணப்படுத்தும்’ என்று சொல்லி ஒரு என்சைம் பொடியை விற்க முயன்றார்கள். கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காமல் போகும் வேறொரு கோளாறுக்குத்தான் அந்தப் பொடி கொடுக்கப்படுகிறது. அழற்சியை அது ஆற்றாது. உயிருக்குப் போராடிய ஒரு விலங்கின் வீட்டாரிடம் இப்படிப் பேசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது மருத்துவ ஈர உணவை இளஞ்சூட்டில் சிறுசிறு உருண்டைகளாகக் கொடுக்கிறோம். சிட்டு சாப்பிடுகிறது, எடையும் கூடியிருக்கிறது. தோல் நீக்கிய நெஞ்சுக்கறியும் சோறும் சில நாட்களுக்கு உதவும். அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும் பிற சத்துகளும் குறைந்துபோகும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார்.

சமைத்த உணவு விற்பவரிடம் 1000 கிலோ கலோரிக்கான கொழுப்பு அளவையும், அந்தத் தொகுதிக்கான ஆய்வக அறிக்கையையும் கேளுங்கள். விழுக்காட்டை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குச் செல்லவும் வழி உண்டு. நான் அங்கேதான் சென்றிருக்கிறேன். மீந்த பாக்கெட்டுகளை எறிந்துவிடாதீர்கள். பிரிக்காத ஒன்றையாவது உறைபெட்டியில் வைத்து, லேபிளையும் தேதியையும் படம் எடுத்து, வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் கட்டிய ரசீதையும் அதோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.