சிம்பல் ஓட்டைக்கு லெவல் ட்யூபா, நைலான் ஸ்லீவா?

என் டிரம்ஸ் செட்டில் இருந்த 16 அங்குல கிராஷ் சிம்பலை (குச்சியால் அடிக்கும் வட்டமான வெண்கலத் தட்டு) விற்கப் போனபோது, வாங்க வந்தவர் அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நடு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார். ஒரு பக்கம் விரல் பள்ளத்தில் இறங்கியது. "கீஹோல் விழுந்திருச்சே தம்பி" என்று, அதாவது வட்ட ஓட்டை ஒரு பக்கம் அறுபட்டுச் சாவித்துளை மாதிரி ஆகிவிட்டது என்று, பாதி விலைதான் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான்.

சிம்பலின் ஓட்டை வழியாகப் போகும் ஸ்டாண்டு கம்பி எஃகு. அதன் மரை அரம் மாதிரி. சிம்பலோ வெண்கலம், உயர்ந்த ரகங்களில் 80 சதம் செம்பு, 20 சதம் வெள்ளீயம். சாய்த்து மாட்டிய சிம்பலின் கனமான பக்கம் கீழே இறங்கி நிற்கும். அதனால் ஓட்டையின் ஒரே இடம் மரையில் உரசிக்கொண்டே இருக்கும். அடியிலிருக்கும் ஃபெல்ட்டில் (மெத்தென்ற கம்பளி வளையம்) மினுமினுப்பாகப் பொடி தெரிந்தால் அறுபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பள்ளத்திலிருந்துதான் பிறகு விரிசல் ஓடும்.

இதைத் தடுக்க நான் முதலில் கம்பிக்கு உறை மாதிரிப் போட்டது, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப். ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் வாங்கினால் எல்லா ஸ்டாண்டுக்கும் வெட்டிக்கொள்ளலாம். விலை ஒரு பொருட்டே இல்லை. சத்தத்திலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் ஸ்டாண்டைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு அது சரிப்படாது. நான் வாரம் இரண்டு கச்சேரிக்குப் போகிறேன். ஒவ்வொரு முறை சிம்பலை உருவும்போதும் ட்யூபும் கூடவே வரும், எங்காவது விழும். மேடையில் அவசரத்தில் அதை யார் தேடுவது? வெறும் மரையிலேயே மாட்டிவிடுவேன். விழாமல் நின்ற ட்யூபும் கொஞ்ச நாளில் நீளவாக்கில் கிழிந்து, ஃபெல்ட்டுக்குள் சுருங்கி உட்கார்ந்துவிடும். மேலே விங் நட் (கையால் திருகும் காது வைத்த நட்) இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. என் கிராஷ் போனது அப்படித்தான்.

ட்யூபுக்குப் பதில் கம்பியில் போடும் கெட்டியான உறைதான் நைலான் ஸ்லீவ். அதில் எனக்குப் பிடித்தது இதுதான்: அடியில் தட்டு வைத்த ரகம், கம்பி மரையிலேயே திருகி நிற்கும். சிம்பலை எடுத்தாலும் ஸ்லீவ் அசையாது. தேய்ந்தால் வெளிப்புறத்தில் கோடு விழும். சிம்பலை மாட்டும்போதே கண்ணில் படும். கோடு ஆழமானால் மாற்றிவிடுகிறேன். ஸ்லீவ் கொஞ்சம் உயரமாக இருந்தால் இன்னொரு லாபம்: விங் நட் ஸ்லீவின் தலையில் நின்றுவிடும், சிம்பலை இறுக்கிப் பிடிக்காது. ஆட இடமில்லாத சிம்பல் விளிம்பில் உடையலாம்.

விங் நட்டுக்குப் பதில் போடும், அழுத்தினால் கழலும் குவிக் ரிலீஸ் மூடிகளை ஆறு மாதம்தான் வைத்திருந்தேன், அதுவும் ஒரே ஸ்டாண்டில். வேகம் அருமை. நீண்ட நாள் உழைக்குமா என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. ஆனால் அதைப் போட்டாலும் உள்ளே ஸ்லீவ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல் மூடி மட்டும் ஓட்டையைக் காப்பாற்றாது.

ஸ்லீவ் வாங்கக் கிளம்புமுன் கம்பியை அளந்துவிடுங்கள். 6 மி.மீ. கம்பியும் உண்டு, 8 மி.மீ. கம்பியும் உண்டு. என் செட்டில் இரண்டும் கலந்திருந்தன.