நியூ வேகஸ்: துப்பாக்கிக் கணக்கு தெரிந்த விளையாட்டு

2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ என்ற கணினி விளையாட்டு இன்னும் என் சிங்கப்பூர் யீஷூன் வீட்டில் இருக்கிறது. முந்தைய ஃபால்அவுட் 3இல் நம் கதாபாத்திரத்தின் துப்பாக்கித் திறன் சிறு துப்பாக்கி, பெருந்துப்பாக்கி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். பெரியதில் புள்ளி போட்டால், அந்த ஆயுதம் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதான். நியூ வேகஸில் பெருந்துப்பாக்கித் திறனை எடுத்துவிட்டு, அதன் ஆயுதங்களைத் துப்பாக்கி, வெடிபொருள் போன்ற மற்றத் திறன்களில் சேர்த்து, கனமான ஆயுதத்துக்கு உடல் வலிமையும் கேட்கிறார்கள். வலிமை போதாவிட்டால் குறி தப்பும். நேஷனல் சர்வீஸில் (கட்டாய ராணுவச் சேவை) எஸ்ஏஆர் 21 ரைஃபிளைத் தூக்கி ஓடியவனுக்கு இது நியாயமாகவே படும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கவசக் கணக்கு. ஒவ்வொரு தோட்டாவின் சேதத்திலிருந்தும் கவசம் ஒரு தொகையைக் கழித்துவிடும். அதனால் படபடவென்று சுடும் எஸ்எம்ஜி (சிறு இயந்திரத் துப்பாக்கி), கனத்த கவசக்காரனிடம் பிசுபிசுத்துப் போகும். ஒரே வேட்டில் பலமாக அடிக்கும் ஸ்னைப்பர் ரைஃபிள் வேலையை முடிக்கும். ஷாட்கன் பாடு திண்டாட்டம், ஒவ்வொரு சிதறலுக்கும் தனிக் கழிவு. சரி, கவசம் துளைக்கும் தோட்டா கிடைக்கும் துப்பாக்கியானால், அதற்கு மாறினால் கொஞ்சம் தேறும்.

குறை? துப்பாக்கித் திறன் 100ஐத் தொட்டபின் சின்ன ரிவால்வரும் கனமான மினிகன்னும் ஒரே ஆளுக்கு அத்துப்படி. என் மச்சானோ எல்லாப் புள்ளியையும் வெடிபொருளில் போட்டுவிட்டு, குறுகிய அறைக்குள் குண்டு வீசித் தானே சாகிறான். அவன் பேச்சைக் கேட்டு ஆடாதீர்கள்.