டெட்ராய்ட் மிச்சிகன் சென்ட்ரல்: கூரைக்கு முழு மார்க், தண்டவாளத்துக்குப் பூஜ்யம்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருக்கும் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து 1988 ஜனவரியில் கடைசி ரயில் கிளம்பியது. அதன்பின் முப்பது வருஷம் மழையும் பனியும் தடையில்லாமல் புகுந்து வெளியேறிய கட்டடம் இது. ஜன்னல் கண்ணாடி மிஞ்சவில்லை. செம்பு என்று இருந்ததையெல்லாம் திருடர்கள் உருவிக்கொண்டு போனார்கள். 2018-இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கி, சீரமைத்து, 2024 ஜூனில் திறந்தது. அக்கம்பக்கக் கட்டடங்களையும் சேர்த்து 90 கோடி டாலருக்கு மேல் செலவு. பணம் தாராளமாக இருக்கும் இடத்தில்தான் பழைய கட்டடம் பெரும்பாலும் கெட்டுப்போகும், எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடுவார்கள். இங்கே அந்தக் கை அடங்கியிருக்கிறது.

அதற்குச் சாட்சி பெரிய காத்திருப்பு மண்டபத்தின் கூரை. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைக் கட்டிய அதே இரண்டு கட்டடக்கலை நிறுவனங்கள்தான், அதே 1913-இல், ரோமானியக் குளியல் மண்டபங்களை மனதில் வைத்து இதையும் எழுப்பின. வளைவுக் கூரை, குவாஸ்தவினோ என்ற நிறுவனத்தின் பெயரால் வழங்கும் முறை. மெல்லிய சுட்ட ஓடுகளை அடுக்கடுக்காக, மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் ஒட்டி எழுப்புவது. நம்மூர் மெட்ராஸ் டெரஸ் கூரையில் செங்கல்லைத் தாங்க மரச்சட்டம் உண்டு. இதில் அப்படி எதுவும் கிடையாது, ஓடும் கலவையும் சேர்ந்து தானே தன்னைத் தாங்கிக்கொள்ளும். இந்த முறையில் முதல் அடுக்கைச் சட்டென்று இறுகும் ஜிப்சத்தில் ஒட்டி, மேல் அடுக்குகளுக்கு சிமெண்ட் கலவை போடுவது வழக்கம். பலவீனமும் அங்கேதான். மேலிருந்து தண்ணீர் இறங்கினால் ஜிப்சம் இளகும். மூட்டுக்குள் தங்கிய நீர் குளிரில் உறைந்து பருக்கும்போது கீழ் அடுக்கு ஓடு பிரிந்து தொங்கும். தரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாரம் கட்டி ஏறி, ஒவ்வொரு ஓடாகத் தட்டி, உள்ளே வெற்றொலி வருகிறதா என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மொத்தம் 29,000 ஓடுகள். மாற்றியது ஏறக்குறைய 1,300, அதாவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மற்றவற்றைச் சுத்தம் செய்து, சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு மூட்டுகளில் புதிதாகக் கலவை (பாயிண்டிங்) பூசியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கிறவருக்குப் புது ஓடு எது, பழையது எது என்று பிரித்துச் சொல்வது சிரமம். பழைய ஓட்டுக்கு நடுவே பூசும் கலவை எப்போதும் ஓட்டைவிட மென்மையாக இருக்க வேண்டும். கலவை கெட்டியாக இருந்தால் ஓதம் மூட்டு வழியாக வெளியேற முடியாமல் ஓட்டின் உடம்புக்குள் திரும்பும். முதலில் உப்புப் பூக்கும், பிறகு முகப்பு செதில் செதிலாக உதிரும். அவசர வேலைகள் பல்லிளிப்பது இந்த இடத்தில்தான்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த வேலை யார் கண்ணுக்கும் படாது. முதல் கட்டம் முழுக்கத் தண்ணீரை நிறுத்துவதும், கட்டடத்தைத் தாங்கு கொடுத்து நிறுத்துவதும், உலர்த்துவதும்தான். அடித்தளத்திலிருந்து இறைத்த தண்ணீர் மட்டும் 1.3 கோடி லிட்டர். இரண்டாம் கட்டத்தில்தான் கல், செங்கல், எஃகு வேலை. அலங்காரமும் பூச்சும் கடைசியில். ஈரச் சுவரில் பூச்சு போட்டுவிட்டு அடுத்த மழைக்குக் கொப்புளத்தைச் சுரண்டும் அவலத்தை நம் ஊர்களில் நிறையவே பார்க்கிறோம். இந்த வரிசையை மாற்றாததற்கே பாதி மார்க் கொடுக்கலாம்.

கல் விஷயத்திலும் குறுக்குவழி தேடவில்லை. இண்டியானாவில் முப்பது வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த குவாரியைத் திறந்து, நிறமும் மணல்மணி போன்ற துகளமைப்பும் ஒத்துப்போகிற சுண்ணாம்புக்கல்லாக 600 டன் கொண்டுவந்தார்கள். உதிர்ந்துபோன பூச்சுப் பூக்களுக்கு, மிஞ்சி நின்றதிலிருந்தே அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் பாழடைந்த காலத்துக் கிறுக்கல்களையும் துடைக்காமல் விட்டது நல்ல முடிவு. எல்லாமே 1913 போல மின்னினால் சினிமா செட் ஆகிவிடும். 480 கிலோமீட்டர் மின்கம்பி இழுத்திருக்கிறார்கள் என்பது, சொன்னால்தான் தெரியும்.

குறைக்கு வருவோம். மண்டபத்தில் எதிரொலி அதிகம். கூட்டம் சேர்ந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கலங்கிக் கேட்கும். சுட்ட ஓடு ஒலியைக் குடிக்காது, திருப்பி அடிக்கும். ஒலியை உறிஞ்சும் அக்குஸ்டோலித் ஓட்டை குவாஸ்தவினோ நிறுவனம் கொண்டுவந்தது 1916-இல்தான். இந்தக் கூரைக்கு அது மூன்று வருஷம் தாமதம். ஓட்டின் மேல் நவீன ஒலித்தடுப்பு எதையும் ஒட்டாமல் விட்டது சரி என்றே சொல்வோம். ஆனால் இங்கே மைக் வைத்து நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பெரிய ஸ்பீக்கர் இரண்டுக்குப் பதிலாகச் சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றைக் கேட்பவருக்கு அருகிலேயே வைப்பது நல்லது.

பெரிய குறை வேறு. இத்தனையும் செய்த நிலையத்தில் பயணிகள் ரயில் நிற்பதில்லை. 1910-இல் திறந்த ஆற்றடிச் சுரங்கத்துக்குப் போகும் பாதை கட்டடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதில் ஓடுவது சரக்கு வண்டி. பெயரில் நிலையம், புழக்கத்தில் அலுவலகம். தரைத்தளத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. திறந்திருக்கும் நாளும் நேரமும் மாறும் என்பதால் விசாரித்துக்கொண்டு போங்கள். சிகாகோவிலிருந்து ஆம்ட்ராக் பயணிகள் ரயிலில் வருவதானால், உட்வர்ட் அவென்யூ பக்கத்தில் இருக்கும் வேறொரு சின்ன நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்துத்தான் வர வேண்டும்.