“இதைக் கழிக்க முடியாது” என்று முகத்துக்கு நேரே சொல்லும் கணக்கர்

டர்பனில் சொந்தத் தொழில் செய்கிற நம்மவர்கள் வரிக்கு ஆள் தேடினால், சாட்ஸ்வர்த்தில் ஒரு அக்கா நடத்தும் இந்தச் சின்ன அலுவலகத்துக்குத் தாராளமாகப் போகலாம். நான் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை என்று டிசைன் வேலை பார்க்கிறேன். முன்பு போன இடத்தில் வாடகையில் பாதியைச் செலவாகப் போட்டுவிடலாம் என்றார்கள், பயந்து எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா முதலில் கேட்டது வேலை அறையின் போட்டோ. ஓரத்தில் விருந்தாளிகளுக்கான கட்டில் கிடந்தது. “தம்பி, இது கிடக்கிற வரைக்கும் சார்ஸுக்கு, அதான் தென்னாப்பிரிக்க வரித்துறைக்கு, இது படுக்கையறைதான்.” தொழிலுக்கென்றே அமைத்து, தொழிலுக்கு மட்டுமே புழங்கும் அறைக்குத்தான் வரிக் கழிவு, அதுவும் பரப்பளவுக் கணக்கில், 120 சதுர மீட்டர் வீட்டில் 12 சதுர மீட்டர் அறை என்றால் வாடகையிலும் கரண்டிலும் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சொந்த வீடாக இருந்தால் பின்னால் விற்கும்போது அந்தப் பங்குக்கு மூலதன ஆதாய வரி வரக்கூடும் என்பதையும் நான் கேட்காமலே சொன்னார். இது எத்தனை பேர் சொல்வார்கள்?

கோயிலுக்குக் கொடுத்த நன்கொடை ரசீதுகளையும் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு ரசீது இருந்தால்தான் கழிவு, வழிபாட்டுக்குக் கொடுப்பது அதில் வராது, ஏழைகளுக்கு உதவும் அமைப்பு அந்த அனுமதி வாங்கியிருந்தால் வரும். நம் ஊரில் பலருக்கு இது தெரியாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சரி, கிடைத்தது என்ன? 7,000 ரேண்டுக்கும் குறைவான பிரிண்டர் அதே வருடம் முழுசாகக் கழிந்தது, லேப்டாப் விலை மூன்று வருடத்துக்குப் பிரிந்தது. காருக்கு லாக்புக் எழுதச் சொன்னார்: மார்ச் 1 அன்று மீட்டர் எண், அப்புறம் ஒவ்வொரு தொழில் பயணத்துக்கும் தேதி, கிலோமீட்டர், எதற்காகப் போனோம். லாக்புக் இல்லையென்றால் கார் செலவை அவர் தொடவே மாட்டார்.

கட்டணம் கொஞ்சம் அதிகம்தான், வண்டி நிறுத்தவும் இடமில்லை. ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் முன்கூட்டிய வரி கட்டும் நெரிசல், வாட்ஸ்அப்பில் பதில் வராது. ஜூனிலேயே பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு போய்விடுங்கள்.